தீப்பெட்டியும் பந்தயக் காரும்

நம் சிவகாசித் தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு, வெறும் வெளிக்கூட்டை மூலையில் அழுத்திப் பாருங்கள். உடனே சாய்ந்து போகும். கூரையில்லாத காரின் சேஸியும் அப்படித்தான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது முறுகும்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் முன்பு ஓடிய பந்தயக் கார்களில், ஓட்டுநரின் தலைக்குப் பின்னே எஃகுக் குழாய் வளைவு ஒன்று நிற்கும். அதுவே ரோல் பார். கார் கவிழ்ந்தால் தலை நசுங்காமல் காப்பது அது. ஆனால் வளைவு மட்டும் இருந்தால் சேஸி விறைத்துவிடும் என்று பலர் எண்ணுவது தவறு.

நான்கு ஈர்க்குச்சிகளைச் சதுரமாகக் கட்டுங்கள், ஆடும். மூலைவிட்டமாக ஐந்தாவதைக் கட்டுங்கள்; ஆடாது. முக்கோணத்தின் பலம் அது! ஆகவே வளைவுக்குள் ஒரு மூலைவிட்டக் குழாயும், பின்னோக்கிச் சாய்ந்த இரு தாங்குகுழாய்களும் வேண்டும். குழாயின் அடியில் அகலமான தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். இல்லாவிட்டால் கவிழும்போது குழாய் தரைத்தகட்டைத் துளைத்து இறங்கிவிடும்.