ஏழாம் நிலையும் இரண்டாம் நிலையும்: பூல் லீக்கில் சேர்ந்த தம்பிக்கு



மிசூரிக்குப் போன சில மாதங்களிலேயே ஓர் அமெச்சூர் லீக் அணியில் சேர்ந்துவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் "இந்த சீசன் முடியும்வரை 5-ஆம் நிலைக்கு ஏறிவிடாதே" என்று அணியில் ஒருவர் உன்னிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. புதிதாகச் சேரும் எல்லார் காதிலும் என்றாவது விழும் பேச்சு இது. அதனால் அவர்களும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நீ ஆடும் ஏபிஏ (அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன்) லீக்கைத் தொடங்கியவர்கள் டெர்ரி பெல், லாரி ஹபர்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள். 1979-இல் அவர்கள் போட்ட அடித்தளம் ஹேண்டிகேப்தான், அதாவது திறமைக்கு ஏற்ற இலக்கு. எட்டுப் பந்து ஆட்டத்தில் 2 முதல் 7 வரை நிலைகள். 7-ஆம் நிலைக்காரர் 2-ஆம் நிலைக்காரரோடு மோதினால் அவர் 7 ஆட்டங்கள் எடுக்க வேண்டும். எதிராளிக்கு இரண்டே போதும். ஒன்பது பந்தில் 9-ஆம் நிலைக்கு 75 புள்ளி, 1-ஆம் நிலைக்கு 14. பகலெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வாரம் ஒரு ராத்திரி மட்டும் க்யூவைத் தொடுகிறவர், இருபது வருஷமாக ஆடுகிறவரை நியாயமாக ஜெயிக்க இந்த ஏற்பாடு இடம் கொடுக்கிறது. உலகத்தில் எத்தனை விளையாட்டில் இது நடக்கும்?

இதற்குள்தான் சபலமும் ஒளிந்திருக்கிறது. ஒரு ராத்திரியில் ஆடும் ஐந்து பேரின் நிலைகளைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. நீ 4-லிருந்து 5-க்குப் போனால் கேப்டனுக்குக் கணக்கு இடிக்கும். அதனால் வேண்டுமென்றே தவறவிட்டு நிலையைக் கீழேயே வைத்திருக்கச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். சாண்ட்பேகிங் என்பது அதுதான். அது தந்திரம் இல்லை, தம்பி, திருட்டு. எதிரே நிற்கும் 3-ஆம் நிலைக்காரருக்கு விதி கொடுத்த ஆட்டத்தை அவர் கையிலிருந்து பிடுங்குவது.

ஸ்கோர் ஷீட்டைக் கொஞ்சம் உற்றுப் பார். ஆட்டக்காரர் இருவரும் தங்கள் முறையை முடித்தால் ஓர் இன்னிங்ஸ். எழுதுகிறவர் ஒரு கோடு போடுவார். குறைந்த இன்னிங்ஸில் ஜெயிக்கிறவருக்கு நிலை ஏறும். பந்தைக் குழியில் போடும் எண்ணமே இல்லாமல் அடித்த அடிக்கு டிஃபென்ஸ் என்று தனிக் குறி உண்டு. அது இன்னிங்ஸ் கணக்கில் கழிந்துவிடும். பந்தை மறைத்து வைப்பது மட்டும்தான் டிஃபென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே தவறவிட்டதும் அதில்தான் சேரும். குழியின் வாயில் நிற்கிற பந்தை ஒரு நல்ல ஆட்டக்காரர் அரை அடி விலக்கி அடித்துவிட்டு உச்சுக்கொட்டினால், ஷீட் எழுதுகிறவர் தயங்காமல் குறி போட வேண்டும். அடித்தவர் சொந்த அணியாக இருந்தாலும்தான். இரண்டு அணியும் தனித்தனியே ஷீட் எழுதுகின்றன. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள். எழுதும் வேலையை யாரும் விரும்பி ஏற்பதில்லை. நீ கேட்டு வாங்கு. நாலு வாரம் எழுதினால் யார் எந்த அடியை எதற்காக அடிக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

விதிகளில் உன்னை முதலில் கவிழ்க்கப்போவது எட்டாம் பந்துதான். மற்ற பந்துகள் தற்செயலாக விழுந்தாலும் உனக்கே. எட்டாம் பந்துக்கு மட்டும் குழியை முன்கூட்டியே குறித்துவைத்தாக வேண்டும். வாயால் சொன்னால் போதாது, அந்தக் குழியருகே ஒரு பொருளை வை. எட்டு விழும்போது வெள்ளைப் பந்தும் கூடவே விழுந்தால் ஆட்டம் போச்சு. ஃபவுல் ஆனால் எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். வெள்ளைப் பந்து இன்னொரு பந்தில் பட்ட பிறகு எதுவும் குழியில் விழாமல், எந்தப் பந்தும் மேசையின் ரெயிலைத் தொடாமல் நின்றால் அதுவும் ஃபவுல். புதியவர்கள் மெதுவாகத் தட்டிவிட்டு இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

3-ஆம் நிலை வரை உள்ளவர்களுக்கு ஓர் ஆட்டத்தில் அணியினரிடம் ஆலோசனை கேட்க இரண்டு டைம் அவுட், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு ஒன்றுதான். இருக்கும் ஒன்றைக் கூச்சப்பட்டு வீணாக்காதே.

வேறு லீக்குகளில் ஃபார்கோரேட் என்ற கணக்கு உண்டு. அதில் 100 புள்ளி வித்தியாசம் என்றால், வலியவர் சராசரியாக இரண்டு ஆட்டம் ஜெயிக்கும்போது மற்றவர் ஒன்று ஜெயிப்பார். நாளைக்கு நீ அங்கே ஆடப் போனாலும் இன்று நீ வைத்திருக்கும் பழக்கம்தான் கூட வரும்.

நிலை ஏறி அணிக்கணக்கு 23-க்குள் அடங்காமல் போனால், அணியை இரண்டாகப் பிரித்து அணிக்கு இரண்டு புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அணியில் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அடுத்த ஆட்டத்துக்கு முன்பே உன் கேப்டனிடம் இதைப் பேசிவிடு. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு அணி தேடு. உன் ஊரில் பஞ்சமே இருக்காது.

அன்புடன்,
அண்ணன்