தட்டில் பூத்த நகைகள்

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் என்ன செய்கிறோம்? 'வாருங்கள்' என்கிறோம். குடிக்கத் தண்ணீர் தருகிறோம். பிறகு ஒரு தட்டில் தின்பண்டம் வைக்கிறோம்.

அந்தத் தட்டை எல்லா ஊரிலும் அழகாகவே வைக்கிறார்கள். ஆனால் மேற்கு வங்காளத்தில் ஒரு பகுதிப் பெண்கள் தின்பண்டத்தையே நகை போலச் செய்து வைக்கிறார்கள். அதைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

நகை வடகம்

மேற்கு வங்காள மாநிலத்தில் பூர்வ மேதினிப்பூர் என்று ஒரு மாவட்டம் உள்ளது. பழைய மேதினிப்பூர் மாவட்டத்தை 2002-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரித்தார்கள். கிழக்குப் பகுதிதான் பூர்வ மேதினிப்பூர். அதன் தலைநகர் தம்லுக்.

தம்லுக், மகிஷாதல் பகுதிக் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் பெண்கள் உளுந்து வடகம் இடுவார்கள். வங்காள மொழியில் வடகத்துக்கு 'போரி' என்று பெயர். நகைக்குக் 'கொய்னா' என்று பெயர். இந்த வடகத்துக்குக் 'கொய்னா போரி' என்று பெயர். அதாவது, நகை வடகம்.

பெயருக்கு ஏற்ற வடகம்தான். கழுத்துமாலை, தோடு, கிரீடம் போன்ற வடிவங்களில் அதை இடுகிறார்கள். மயில், மீன், சங்கு, தாமரை வடிவங்களும் உண்டு. அச்சு எதுவும் கிடையாது. எல்லாம் கையால் போடும் கோடுகள். நம் ஊரில் வாசலில் கோலம் போடுவது போல, அவர்கள் தட்டில் மாவால் கோலம் போடுகிறார்கள்.

இனி ஒரு கதை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து

தம்லுக் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு வீடு. அந்த வீட்டு மாமியார் நாற்பது ஆண்டுகளாக நகை வடகம் இட்டவர். ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் அவரைத்தான் அழைப்பார்கள்.

போன குளிர்காலத்தில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. மாவு பிழியும் துணியைப் பிடித்தால் கோடு நெளிந்தது. "இனி என்னால் முடியாது" என்று சொல்லித் துணியை மடித்து வைத்துவிட்டார்.

மருமகள் வேறு மாவட்டத்தில் இருந்து வந்தவள். நகை வடகத்தைச் சாப்பிட்டிருக்கிறாள். இட்டதில்லை. அவள் மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவள்.

மார்கழி மாதம். வீட்டின் கடைசிப் பெண்ணுக்கு வரன் அமைந்தது. கல்யாண நாள் குறிக்க ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அந்த ஊரில் அப்படி வருபவர்கள் முன் நகை வடகம் வைப்பது வழக்கம்.

"மா, நான் இடுகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்" என்றாள் மருமகள். வங்காளத்தில் மாமியாரை 'மா' என்றுதான் அழைப்பார்கள். மருமகளைப் 'பௌமா' என்பார்கள்.

திங்கட்கிழமை. மருமகள் மாவு அரைத்தாள். அம்மி ஓடவில்லை என்று தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டாள். தட்டில் மயில் வரைந்தாள். சற்று நேரத்தில் கோடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. மயில் தோசை போல ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை. மாவு பதமாக இருந்தது. ஆனால் வானம் முழுவதும் மூடுபனி. மாமியார் வெளியே வந்து பார்த்தார்.

"இன்று வேண்டாம், பௌமா. வெயில் இல்லாமல் இட்டால் காயாது. புளித்து நாறும்" என்றார். அந்த மாவைக் குழந்தைகளுக்கு வடையாகச் சுட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டில் இன்னும் அரைக் கிலோ உளுந்துதான் மீதி இருந்தது. வடகம் காய இரண்டு மூன்று நாள் வேண்டும். புதன்கிழமை தவறினால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தட்டு இல்லை.

செவ்வாய் இரவு மருமகள் ஒரு நோட்டை எடுத்தாள். மாமியார் சொல்லச் சொல்ல முறையை எழுதினாள். அவள் எழுதியது இதுதான்.

நோட்டில் எழுதிய முறை

தேவையான பொருள்கள்: உளுந்தம் பருப்பு அரைக் கிலோ. உப்பு 2 சிறு கரண்டி. தட்டை மூடும் அளவு கசகசா. ஓட்டை உள்ள கெட்டித் துணி. ஒரு சிறு தகரக் கூம்பு.

1. தோல் உள்ள உடைத்த உளுந்தை இரவே ஊற வைக்க வேண்டும். காலையில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலை முழுவதும் நீக்க வேண்டும். தோல் இருந்தால் வடகம் வெள்ளையாக வராது.

2. அம்மியில் மைய அரைக்க வேண்டும். தண்ணீரைத் தெளித்தால் போதும். ஊற்றக் கூடாது.

3. உப்புச் சேர்த்துக் கையால் ஒரே பக்கமாக அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க மாவுக்குள் காற்றுப் புகும். மாவு லேசாகும். அப்போதுதான் வடகம் மொறுமொறுப்பாக வரும்.

4. ஒரு கிண்ணத் தண்ணீரில் சிறிது மாவைப் போட வேண்டும். மிதந்தால் பதம் சரி. மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும்.

5. தட்டில் கசகசாவைப் பரப்ப வேண்டும். கசகசா இருந்தால் மாவு தட்டில் ஒட்டாது. வறுக்கும்போது வாசனையும் தரும்.

6. துணியின் ஓட்டையில் கூம்பைச் செருகி, மாவை நிரப்பி, முடிந்து பிழிய வேண்டும். கோட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. ஓரத்தில் தொடங்கிச் சுழித்து உள்ளே வர வேண்டும்.

7. இளவெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைக்க வேண்டும். கடும் வெயிலில் வடகம் வெடித்துவிடும். மாலையில் வீட்டுக்குள் எடுத்து மெல்லிய துணியால் மூட வேண்டும். ஒரு பக்கம் காய்ந்ததும் மெதுவாகத் திருப்பிப் போட வேண்டும்.

8. தட்டில் மீதி உள்ள கசகசாவைச் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். அடுத்த முறைக்கு ஆகும்.

கசகசா ஏன் விலை அதிகம்?

எட்டாவது குறிப்புக்கு ஒரு காரணம் உண்டு. கசகசா விலை உயர்ந்த பொருள். கசகசாச் செடியின் காயில் இருந்துதான் அபினி எடுக்கிறார்கள். அதனால் யாரும் தம் விருப்பம் போல அதைப் பயிரிட முடியாது. அரசு உரிமம் வேண்டும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்றவர்கள் பயிரிடுகிறார்கள். வெளிநாட்டில் இருந்தும் கசகசா வருகிறது. விலை கட்டாதவர்கள் அதற்குப் பதிலாக எள்ளைப் பரப்புவதும் உண்டு.

கோணல் மயில்

புதன்கிழமை விடிந்தது. பனி இல்லை. மருமகள் குளித்துவிட்டு வந்து அரைத்தாள். கை வலிக்க வலிக்க அடித்தாள். கிண்ணத்தில் போட்ட மாவு மிதந்தது.

முதலில் தாமரை வரைந்தாள். பிறகு தோடு. பிறகு மயில். மயிலின் கழுத்து கோணலாகிவிட்டது. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதை அழித்துவிடட்டுமா, மா?"

"வேண்டாம். நிறுத்தினால்தான் கோடு கெடும். கோணலாக இருந்தாலும் அது உன் கோடு. மேலே போ" என்றார் மாமியார்.

அன்று இருபத்திரண்டு வடகங்கள் இட்டாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நல்ல இளவெயில். திருப்பிப் போடும்போது நான்கு உடைந்தன. பதினெட்டு மிஞ்சின.

தட்டை அடுக்குவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை. விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மாமியார் அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னார். எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் மருமகள் வடகத்தை ஒவ்வொன்றாகப் போட்டாள். உடனே பொரிந்தது. சிவக்கும் முன்பே எடுத்தாள்.

அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்தார்.

"குவித்தால் அடியில் உள்ளது நொறுங்கும். மேலே உள்ளதுதான் கண்ணுக்குத் தெரியும். நீ இட்டது எல்லாம் தெரிய வேண்டாமா?"

பிறகு இரண்டு வெண்கலத் தட்டுகளை எடுத்துத் தந்தார். எப்படி அடுக்குவது என்று சொன்னார்.

பெரிய வடிவம் நடுவில். சிறியவை சுற்றிலும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. நடுவே விரல் அளவு இடம் விட வேண்டும். இடம் விட்டால்தான் வடிவம் தெரியும். எடுப்பவர் கைக்கும் வசதி. ஓரத்தில் நான்கு தேங்காய் உருண்டைகள். வெல்லப்பாகில் செய்த அந்த உருண்டைகளின் பழுப்பு நிறத்துக்குப் பக்கத்தில் வடகத்தின் வெண்மை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஒரு தட்டின் நடுவில் தாமரை இருந்தது. மற்றொன்றின் நடுவில் கோணல் கழுத்து மயில் இருந்தது.

மாப்பிள்ளையின் அத்தை மயிலைக் கையில் எடுத்தார். உடைக்க மனம் வராமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது யார் கை?" என்று கேட்டார்.

"என் மருமகள் கை" என்றார் மாமியார்.

"கை என்னுடையது. சொன்னது எல்லாம் மா" என்றாள் மருமகள். உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

பெயர் ஏன் வேண்டும்?

நகை வடகத்தைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் ரவீந்திரநாத் தாகூர். நம் நாட்டுப் பண்ணை இயற்றிய அதே கவிஞர்தான். 1930-ஆம் ஆண்டில் சேபா மாய்தி என்ற மாணவி சாந்திநிகேதனில் படித்தார். அவர் தாகூருக்கு நகை வடகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவற்றைச் செய்தவர்கள் அவருடைய தாய் ஹிரண்மயி தேவியும் பாட்டி சரத்குமாரி தேவியும். தாகூர் மிகவும் மகிழ்ந்தார். அவற்றைப் படம் எடுத்து, சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலா பவனில் வைக்க விரும்பினார்.

அந்த வடகங்கள் இன்று இல்லை. ஆனால் செய்த இருவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. காரணம், யாரோ அதை எழுதி வைத்தார்கள். அவர்களைப் போல எத்தனையோ பெண்கள் இட்டிருப்பார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

ஓவியர் வரைந்த படம் சுவரில் இருக்கும். அடுப்படியில் வரைந்த படத்தை அன்றே தின்றுவிடுவோம். அதனால்தான் அதைச் செய்த முறையை எழுதி வைக்க வேண்டும். செய்தவர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது பூர்வ மேதினிப்பூரில் சுய உதவிக் குழுப் பெண்கள் நகை வடகம் செய்து விற்கிறார்கள். விற்கும்போது விலை குறிக்க வேண்டும். விலை குறிக்கக் கணக்கு வேண்டும். கணக்குக்கும் எழுத்து வேண்டும்.

அன்று இரவு விருந்தினர் போன பிறகு மருமகள் நோட்டின் அட்டையை மாமியார் முன் வைத்தாள்.

"இதில் உங்கள் பெயரை எழுதுங்கள், மா."

மாமியார் ஆயிரம் மயில் வரைந்தவர். தன் பெயரை ஒரு முறையும் எழுதியதில்லை. "என் கை நடுங்குகிறதே" என்றார்.

"கோணலாக இருந்தாலும் அது உங்கள் கோடு" என்றாள் மருமகள்.

மருமகள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். மாமியார் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஐந்து எழுத்து எழுத வெகு நேரம் ஆயிற்று. நடுவில் அவர் நிறுத்தவில்லை.

நினைவில் வையுங்கள்

தின்பண்டத் தட்டைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு முறை காய்ச்சிய எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்தாதீர்கள். அது உடலுக்குக் கெடுதல்.

அழகுக்காகச் சாயப் பொடி சேர்க்காதீர்கள். நிறம் வேண்டும் என்றால் காரட், பீட்ரூட், கொத்தமல்லித் தழை போதும். பச்சையாக வைக்கும் காய்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

தட்டை ஈ மொய்க்காமல் மூடி வையுங்கள்.

கேள்விகள்

1. 'கொய்னா போரி' என்பதன் பொருள் என்ன?
2. திங்கட்கிழமை இட்ட மயில் ஏன் கெட்டது?
3. மாவின் பதத்தை எப்படிச் சோதிக்க வேண்டும்?
4. தட்டில் ஏன் இடம் விட்டு அடுக்க வேண்டும்?
5. ஹிரண்மயி தேவி, சரத்குமாரி தேவி ஆகியோரின் பெயர் நமக்கு எப்படித் தெரிகிறது?

கணக்குப் போடுங்கள்

உங்கள் வீட்டில் செய்யும் ஒரு தின்பண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்களையும் அவற்றின் விலையையும் எழுதுங்கள். எரிபொருள் செலவை எழுதுங்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்? அதற்கு உங்கள் ஊர்க் கூலி எவ்வளவு? எல்லாவற்றையும் கூட்டுங்கள். வந்த தொகையைத் தின்பண்டத்தின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒன்றின் அடக்க விலை எவ்வளவு?

கூலியைச் சேர்க்காமல் ஒரு முறை வகுத்துப் பாருங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? அதுதான் உங்கள் உழைப்பின் விலை.

எழுதுங்கள்

உங்கள் வீட்டில் அல்லது தெருவில் கைப்பக்குவம் மிக்க மூத்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் ஒரு பண்டம் செய்யும் முறையைக் கேட்டு எழுதுங்கள். மேலே அவருடைய பெயரை எழுத மறக்காதீர்கள். முடிந்தால், அவர் கையாலேயே எழுத வையுங்கள்.