தோல்வி வாத்தியாரும் விடைத்தாள் நகலும்

'பட்டால்தான் புத்தி வரும்' என்று சொன்ன அதே பாட்டிதான் 'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்றும் சொன்னாள். முதல் பழமொழி முழு உண்மையென்றால் இரண்டாவதற்கு வேலையே இருந்திருக்காது. ஒருமுறை அடிபட்ட கால், அடுத்த முறை கல்லைக் கண்டதும் ஒதுங்கியிருக்க வேண்டுமே! அனுபவத்துக்கு நம்மிடம் 'பட்டறிவு' என்றொரு அழகான சொல் உண்டு. படுவதும் அறிவதும் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வாழ்க்கையில் அவை அப்படி ஒட்டி நிற்பதில்லை.

டுடோரியல் சுவர்களில் எடிசனும் கலாமும் சிரிக்கிறார்கள்; கீழே 'தோல்வியே வெற்றியின் முதல் படி'. அந்தச் சுவரைப் பற்றித்தான் இந்த வாரம்.

நம்பிக்கை: தோற்றால் பாடம் தானாக வந்துவிடும்.

வராது. நானே சாட்சி.

பொறியியல் படித்தபோது எம்-3 கணிதத் தாளில் எனக்கு அரியர். (அந்தத் தாளில் அரியர் வைக்காதவனை எங்கள் விடுதியில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.) அடுத்த முறை இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்து படித்தேன். மறுபடியும் போனது. மூன்றாவது முயற்சிக்கு முந்தைய வாரம், பக்கத்து அறை அண்ணன் ஒருவர் என் ரஃப் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏன்டா, எல்லாத்துக்கும் பிளஸ்ஸே போட்டுக்கிட்டுப் போற?" என்றார். ஃபூரியர் தொடர் கணக்கில் பகுதி பகுதியாகத் தொகையிடும்போது பிளஸ், மைனஸ் என்று குறி மாறி மாறி வர வேண்டும். எனக்கு அது எங்கேயோ தவறிப்போயிருந்தது. இரண்டு தேர்வுகளும் ஓராண்டுத் தூக்கமின்மையும் சொல்லித்தராததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது எனக்கு முதல்முறையே தெரியும். கேட்கவில்லை. காசு ஒரு சாக்கு. அந்தத் தாளை மறுபடி பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் 'பார்க்கப் பிடிக்காமை'யை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், அயெலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள். ஒரு குழுவுக்கு அவர்கள் சரியாகச் சொன்னவற்றை மட்டும் 'சரி' என்று காட்டினார்கள்; இன்னொரு குழுவுக்குத் தவறாகச் சொன்னவற்றை மட்டும் 'தவறு' என்று. இரண்டே விடை என்பதால் 'தவறு' என்றாலும் சரியான விடை எது என்று தெரிந்துவிடும். கிடைத்த தகவல் இரு தரப்புக்கும் ஒரே அளவு. ஆனாலும் மறுதேர்வு வைத்தபோது 'தவறு' கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தன்மானம் இடித்ததும் காது மூடிக்கொள்கிறது. அதே ஆய்வில், இன்னொருவரின் தவறைப் பார்த்தவர்கள் நன்றாகவே கற்றார்கள். அடுத்தவன் தோல்வியில் நமக்கு என்ன வலி?

இதய அறுவை மருத்துவர்கள் 71 பேரின் பத்தாண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது. மருத்துவர்கள் தங்கள் வெற்றிகளிலிருந்தும் சக மருத்துவர்களின் தோல்விகளிலிருந்தும் தேறினார்கள். தங்கள் சொந்தத் தோல்வியிலிருந்து அப்படித் தேறவில்லை.

நம்பிக்கை: எடிசன் பல்புக்காக ஆயிரம் முறை தோற்றார், "ஆயிரம் தவறான வழிகளைக் கண்டுபிடித்தேன்" என்றார்.

மேடைக்கு மேடை எண்ணிக்கை ஏறுகிறது. ஆயிரம், இரண்டாயிரம், பத்தாயிரம் என்று நானே கேட்டிருக்கிறேன். கதையின் வேர் 1910இல் டயர், மார்ட்டின் இருவரும் எழுதிய எடிசன் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அங்கே பேச்சு பல்பைப் பற்றியதே இல்லை, பேட்டரியைப் பற்றியது. நிக்கல்-இரும்பு சேமக்கலத்துக்காக ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்தும் பலன் இல்லையே என்று நண்பர் மேலோரி வருத்தப்பட, பலன் நிறையவே கிடைத்திருக்கிறது என்று எடிசன் பதில் சொன்னதாக அந்த மேலோரியே சொன்ன நினைவு அது.

அந்த ஒன்பதாயிரமும் ஒவ்வொன்றாக நோட்டில் ஏறின என்பதைச் சுவர் சொல்வதில்லை. எடிசன் ஆய்வகங்களின் நோட்டுப் புத்தகங்கள் இன்று மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இன்னொன்று, சம்பளம் வாங்கிக்கொண்டு உடன் வேலை செய்ய ஒரு பட்டாளமே இருந்தது. பல்பு விஷயத்திலும் அப்படித்தான். 1879இல் கார்பனாக்கிய பஞ்சு நூல் ஒளிவிடுவதற்கு முந்தைய ஆண்டே முதலீட்டாளர்கள் பணம் போட்டு நிறுவனம் தொடங்கியாகிவிட்டது. மற்றவர் பணத்தில் தோற்கிற வசதி எல்லோருக்கும் வாய்க்காது.

எடிசனின் உண்மையான பெருந்தோல்வி வேறு. அதை ஏனோ யாரும் சுவரில் எழுதுவதில்லை. நியூ ஜெர்சியின் ஆக்டன்ஸ்பர்க்கில், மட்டமான இரும்புத் தாதுப் பாறையைப் பொடியாக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்கும் பெரிய ஆலையை 1890களில் நடத்தினார். சொந்தப் பணம் இருபது லட்சம் டாலருக்கு மேல் அதில் கரைந்தது. இயந்திரங்கள் கடைசியில் நன்றாகவே ஓடின. ஆனால் மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் தரமான தாது ஏராளமாகக் கிடைக்க ஆரம்பித்து, விலை சரிந்தது; ஆலையை மூட வேண்டியதாயிற்று. இதில் எடிசன் 'எங்கே தவறினார்'? பாறை உடைப்பதில் தவறில்லை, காந்தத்தில் தவறில்லை. எல்லாத் தோல்விக்குள்ளும் தோற்றவனின் குற்றம் ஒன்று ஒளிந்திருக்கும் என்று நாம் நம்புகிறோம். சில சமயம் மெசாபிதான் காரணம். கடன் வாங்கிக் கத்தரிக்காய் போட்டவன் சந்தை விலை விழுந்து நொடித்துப் போனால், 'உன் தவறு என்ன என்று யோசி' என்பது அறிவுரையும் ஆகாது, ஆறுதலும் ஆகாது. எடிசன் அந்தப் பாறை உடைக்கும் வித்தையை சிமென்ட் தொழிலுக்குக் கொண்டுபோனார். 1923இல் திறந்த நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம் அவருடைய நிறுவனத்து சிமென்ட்டில்தான் எழும்பியது. தோற்ற தொழிலில் எது தோற்கவில்லை என்று பார்த்தார். பல்புக் கதையைவிட எனக்கு இது பிடிக்கும்.

நம்பிக்கை: கேஎஃப்சி தாத்தா சாண்டர்ஸை 1009 பேர் நிராகரித்தார்கள், 65 வயதில் கையில் காசில்லாமல் தொடங்கினார்.

1009 என்ற கணக்கை யார் எண்ணினார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1890இல் பிறந்த சாண்டர்ஸ், சால்ட் லேக் சிட்டியில் பீட் ஹார்மனுக்குத் தன் கோழியை விற்கும் முதல் உரிமையைக் கொடுத்தது 1952இல். அப்போது கென்டக்கியில் அவருடைய சொந்த உணவகம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அந்த உணவகத்தைப் பின்னால் முடக்கியது புதிய நெடுஞ்சாலை. அதற்குள் கோழி வியாபாரம் வேர்விட்டிருந்தது. அதாவது சுழியிலிருந்து தொடங்கவில்லை.

நம்பிக்கை: ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில்.

இல்லை. 1895இல், வழக்கமான வயதுக்கு முன்பே எழுதிய சூரிச் நுழைவுத் தேர்வில் அவர் தேறாதது உண்மை. காலை வாரியது பொதுப் பாடங்கள். கணக்கும் இயற்பியலும் பிரமாதம். மேலே போகலாம்.

நம்பிக்கை: ராமானுஜன் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தோற்றார், பிறகு விடாமுயற்சியால் வென்றார்.

முதல் பாதி சரி. 1904இல் கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணக்குக்குப் பரிசு, அரசு கல்லூரியில் உதவித்தொகை. கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் உதவித்தொகை பறிபோனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. நோய்வாய்ப்பட்டுப் படிப்பு நின்றது. 1907இல் தனித்தேர்வராக எழுதினார். கணக்கில் தேர்ச்சி, மற்ற பாடங்களில் தோல்வி. பட்ட காலிலே பட்டது.

சுவர் வாசகத்தின்படி ராமானுஜன் இந்தத் தோல்விகளிலிருந்து என்ன கற்றிருக்க வேண்டும்? உட்கார்ந்து ஆங்கிலமும் உடலியலும் படித்திருக்க வேண்டும். அவர் படிக்கவில்லை. 'பலவீனத்தைச் சரிசெய்' என்கிற பாடத்தை அவர் கற்றிருந்தால், கும்பகோணத்துக்கு எஃப்.ஏ. தேறிய இன்னொரு குமாஸ்தா கிடைத்திருப்பார். ஆகவே ராமானுஜனைத் 'தோல்வியில் கற்றவர்' பட்டியலில் சேர்ப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும். அவர் மாறவே இல்லை. மாறியது அவர் எதிரே உட்கார்ந்தவர்கள்.

பரீட்சைத் தாளை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் ஃபெயிலான பையன். 1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் பார்த்தது நோட்டுப் புத்தகத்தை. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் என்பதால் அவருக்கு அதைப் படிக்கத் தெரிந்தது. அந்த நோட்டு கைமாறிக் கைமாறி நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போனது. அவர் கொஞ்ச காலம் கையிலிருந்து மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்கள் இருவருக்கு எழுதியும் உதவி கிடைக்காமல், 1913 ஜனவரியில் மூன்றாவதாக ஹார்டிக்குக் கடிதம். அதே ஆண்டு மே மாதம், எஃப்.ஏ. கூடத் தேறாத ஒருவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ராமானுஜன் கதையில் எனக்கு ஆச்சரியம் தருவது இந்த வரிதான். ஓர் அலுவலகம் தன் விதியை ஒருவருக்காக வளைத்த வரி.

கணக்கு தெரிந்த டெபுடி கலெக்டர் கண்ணில் படாமலே போன ராமானுஜன்கள் எத்தனை பேர்? அவர்கள் படம் எந்தச் சுவரிலும் இல்லை.

நம்பிக்கை: கொல்லாதது நம்மை வலுவாக்கும்.

பாதி உண்மை, அந்தப் பாதிக்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களிடம் ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளை எடுத்துக்கொண்டு 2019இல் ஓர் ஆய்வு வந்தது. மயிரிழையில் நிதி கிடைத்தவர்கள் ஒரு பக்கம், மயிரிழையில் தவறவிட்டவர்கள் மறுபக்கம். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் தவறவிட்டவர்களின் ஆய்வுக் கட்டுரைகளே அதிகம் பேசப்பட்டன. மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டு வாங்குவார்கள். அதே ஆய்வின் மறுபக்கம்: தவறவிட்டவர்கள் அந்த நிதி அமைப்பைவிட்டே காணாமல் போகும் வாய்ப்பு பத்து சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. தாக்குப்பிடித்தவர்களின் சராசரியில் காணாமல் போனவர்கள் சேரவே இல்லை.

நம்பிக்கை: தலைவர் பழியைத் தன் தோளில் ஏற்றார், அடுத்த முறை ராக்கெட் பறந்தது.

கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்ன கதை. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 கிளம்பியது, 317 நொடிகளில் எல்லாம் முடிந்து வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர் முன் நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும், கலாமையே பேசச் சொன்னார். கதை உண்மை, அருமையான கதை. ஆனால் பெருந்தன்மை ராக்கெட்டைப் பறக்கவிடாது. நடுவிலிருந்த பதினோரு மாதத்தை நாம் தாவிவிடுகிறோம்.

அந்த மாதங்களில் நடந்தது இது. விழுந்த ராக்கெட்டின் பதிவுகளைக் குழுக்கள் அலசின. முதல் கட்டத்தில் குறையில்லை. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்திருந்தது. ஏன்? அதற்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் முன்பே ஒழுகித் தீர்ந்திருந்தது. ஏன்? புறப்படுவதற்கு எட்டு நிமிடம் முன்பு கட்டளை வந்ததும் திறந்த ஒரு வால்வு, உள்ளே புகுந்திருந்த அழுக்கால் மூடாமல் நின்றுவிட்டது. ஒரு வால்வு, கொஞ்சம் அழுக்கு. இந்த அளவுக்குச் சின்னதாகத் தோல்வியைப் பொடித்த பிறகுதான் அதைத் திருத்த முடிந்தது. தவானின் பெருந்தன்மை செய்த வேலையும் இதில் உண்டு. ஊர் வாயை அவர் வாங்கிக்கொண்டதால் மற்றவர்கள் பயமில்லாமல் வால்வைப் பற்றிப் பேச முடிந்தது. என் விடுதி அறையில் அந்தத் தவான் இல்லை. அதனால் நான் விடைத்தாளையே பார்க்கவில்லை.

போன மே மாதம் எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் பிளஸ் டூ இயற்பியல் போய்விட்டது. வந்தவர்கள் எல்லாரும் கலாம், எடிசன் என்று ஆளுக்கொரு தாத்தாவை இறக்கிவிட்டுப் போனார்கள். நானும் ஏதோ சொல்லவே போனேன். வாசலில் அவன் அம்மா பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "மிஸ், விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட என்னைக்குக் கடைசி? அது வந்துட்டா நீங்க ஒருதரம் அவனோட உக்காந்து பாக்குறீங்களா? துணைத் தேர்வு அடுத்த மாசமே வருதாம்."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.