வாய்க்கால் ஜலத்தால் வீட்டு மின்சாரம்: ஆதாயமா?

வாசலில் வாய்க்கால் ஓடுவதால் சக்கரம் வைத்து விளக்கேற்றலாமே என மிராசுதார் சிலர் எண்ணுவதுண்டு. ஜலத்தின் சக்தி அதன் அளவையும் வீழ்ச்சியையும் பொறுத்தது. காவேரி உயரத்தினின்று விழும் சிவசமுத்திரத்தில் 1902-லேயே மின்சாரம் உண்டாக்கப்பட்டது. தஞ்சை டெல்டாவோ சமதரை.

வினாடிக்கு 100 லிட்டர் ஜலம் ஓரடி இறங்கினால் கிடைப்பது சுமார் 300 வாட். சக்கரத்திலும் டைனமோவிலும் பாதி வீணாயின், மிஞ்சுவது 150 வாட். சில விளக்குகளுக்கு இது போதும். ஒரு குதிரைச்சக்தி பம்புக்கு 746 வாட் வேண்டுமாதலால் அதற்கு எட்டாது.

மேட்டூர் அணையிலிருந்து பாசன ஜலம் விடுவது வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரையே. கோடையில் சக்கரம் நின்றுவிடும். வீழ்ச்சியைக் கூட்ட வாய்க்காலை மறித்தாலோ, கடைமடைப் பயிர் காயும்.

ஆகவே, ஜலம் தானே இறங்கும் மதகடியில் வீழ்ச்சியை அளந்து, பாசன அதிகாரிகளின் அனுமதி பெற்ற பின்னரே பணம் செலவிடுதல் நலம்.