படிவத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: அப்பா இறந்தபின் இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறேன். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘எந்த நோயும் இல்லை’ என்று எழுதிவிடலாமா?
— வாசகர், காமயகவுண்டன்பட்டி

பதில்: தம்பி, மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம்; அந்த முகத்தோடா வேலையில் சேருவது? வழக்கமான ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் இந்த மாத்திரை தெரியாது. தூக்கத்துக்குக் குளோனசெபமும் எடுத்தால், போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனையில் காட்டலாம். மருந்துச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காததை நீங்களாகச் சொல்ல வேண்டாம். படிவத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுதாதீர்கள். பின்னால் வேலைக்கே உலை வைப்பது நோயல்ல, அந்தப் பொய்தான். ‘சிகிச்சையில் இருக்கிறேன், நலமாக இருக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். ‘பணிக்குத் தகுதியானவர்’ என்று உங்கள் மனநல மருத்துவரிடம் கடிதம் வாங்கி, பரிசோதிக்கும் மருத்துவரிடம் மட்டும் கொடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்துக்கு ரகசியக் காப்பு தருகிறது.

சிஆர்பிஎஃப் அதிகாரி ரவீந்தர் குமார் தரிவால் வழக்கில், மனநலக் குறைபாடு உள்ளவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதே மறைமுகப் பாகுபாடு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் கூனிக் குறுக ஒன்றுமில்லை. கிளம்புமுன் ஒரு மாத மாத்திரையைப் பெட்டியில் வையுங்கள்.