களை மீன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

தஞ்சையை நெற்களஞ்சியம் என்று எழுதாத பாடநூல் இல்லை. சோற்றைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், அந்தச் சோற்றுக்குக் குழம்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஏழை வீட்டுக் குழம்புச் சட்டியை நிரப்பியது வயலும் வாய்க்காலும் குளமும் தந்த மீன்தான். குறவை, கெண்டை, கெளுத்தி, அயிரை, ஆரால், தேளி, விரால் என்று எங்கள் ஊரில் சிறுபிள்ளையும் பெயர் சொல்லும். மீன் வளர்ப்பு நூல்களோ இவற்றை இரண்டு பட்டியலில் அடைக்கின்றன. விராலும் குறவையும் ஊனுண்ணி மீன்கள். சிறு கெண்டை முதலியவை களை மீன்கள். குளத்தில் குஞ்சு விடுமுன் இரு பட்டியலையும் ஒழித்துவிட வேண்டும் என்பது பாடம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்களை வளர்த்த மீனுக்குக் களை என்று பெயர் இருப்பதை வகுப்பறையில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

எங்கள் ஊர்க் குளம் வெண்ணாற்றுப் பாசனத்தில், ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. பரப்பு ஓர் ஏக்கர். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது, ஜனவரி 28-ல் மூடுவது என்பது வழக்கமான கணக்கு. (வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். அணையில் நீரில்லாத ஆண்டுகளில் அந்தத் தேதி நாட்காட்டியோடு நின்றுவிடும்.) வாய்க்கால் நின்ற பிறகு குளத்துக்கு வரவு இல்லை, செலவு மட்டுமே. மாசியில் நடுக்குளத்தில் ஆளுயரம் நிற்கும் நீர், சித்திரையில் முழங்காலுக்கு வந்துவிடும். பொல்லாத ஆண்டில் சேறு மட்டும் மிஞ்சும். ஆண்டுதோறும் நடக்கும் இந்தத் தேர்வில் தேறியவையே இங்கு நிலையாகக் குடியிருக்க முடியும்.

எவ்வாறு தேறுகின்றன என்பதைக் கண்ணால் காண, கடந்த மாசியில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் முழுவதும் என் தாய்மாமாவுடன் அக்குளத்தில் தூண்டில் போட்டேன். மீன்பாசி ஏலத்தில் குளத்தை எடுத்திருக்கும் கூட்டுக்காரர் நால்வரில் மாமாவும் ஒருவர். எங்கள் வாகனம் ஆளுக்கொரு லாரி டியூப், அதன்மேல் குறுக்கே கட்டிய பலகை, கையே துடுப்பு. மாமாவின் சிறு வயதில் வாழைமரத் தெப்பம் இருந்ததாம். வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்கள், ஒருவர் மட்டும் அமரும் குறுகிய படகு செய்து, கடல்நாய்த் தோல் போர்த்தி, வேட்டைக்குச் சென்றார்கள். கயாக் என்னும் அப்படகின் இன்றைய வடிவங்களில் அமர்ந்து மேலைநாட்டார் பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறார்கள். அதற்கும் எங்கள் டியூப்புக்கும் விலையில்தான் வேறுபாடு, தத்துவம் ஒன்றே. ஓசையின்றி, சேற்றைக் கலக்காமல், நீர்மட்டத்துக்கு அருகில் கண்ணை வைத்துக்கொண்டு போகலாம்.

கரையில் நின்று பார்த்தால் குளம் ஒரே பரப்பாகத் தெரியும். நீர்மட்டத்திலிருந்து பார்த்தால் அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. ஆகாயத்தாமரை ஓரத்தில் ஒரு வட்டம் விரிந்து அடங்கியது. சில நிமிடங்களில் அதே இடத்தருகே மற்றொன்று.

“மாப்ளே, அங்க பாரு. மூச்சு வாங்கிட்டுப் போவுது.”

“வெறாலா மாமா?”

“வெறாலுதான். கொறவைன்னா பொளக்குன்னு சின்னச் சத்தம் வரும். இது அமுக்கமா வாயத் தொறந்து எடுத்துக்கிட்டு எறங்கிடும்.”

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர், காற்றோடு நன்றாகக் கலந்து நிறைவுற்ற நிலையிலும், ஐந்து அல்லது ஆறு மில்லிலிட்டர்தான் வைத்துக்கொள்ளும். நீர் சூடேறச் சூடேற அதுவும் குறையும். ஆனால் வெயில் காலும் பகலில் குளத்துப் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்ஸிஜனை வெளிவிடுகின்றன. இரவில் பாசியும் மீனும் சேற்று நுண்ணுயிரும் எல்லாம் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. எனவே குளத்தில் ஆக்ஸிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன், மிகுந்திருப்பது பிற்பகல். நாங்கள் குளத்தில் இருந்ததோ பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்திலும் விரால் மேலே வருகிறது என்றால் அது நீரில் ஆக்ஸிஜன் இல்லாத குறையால் அன்று. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே உள்ள அறையில் காற்றை அடைத்து, அங்கிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. மேலே வரவிடாமல் வலைக்குள் அழுத்தி வைத்தால், நல்ல நீரிலேயே விரால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்பது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றும், உண்மை அதுவே.

கட்லாவும் ரோகுவும் மேலே வருவது வேறு கதை. மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியலில் அவை கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கும். மாமா ஏட்டுப் படிப்பு அறியாதவர். எனினும், “இது மூச்சு, அது மூச்சுத் தெணறல்” என்று இரண்டையும் பிரித்தே சொன்னார். நம் நூல் ஒரு பக்கத்தில் விளக்கும் வேறுபாடு இதுதான்.

அன்று மாலைக்குள் கிடைத்தவை ஒன்பது ஜிலேபி, நான்கு குறவை, மூன்று கெண்டை, முழங்கை நீளத்தில் ஒரு விரால், ஒரு பனையேறி. மாமாவின் தூண்டிலில் தக்கையாக இருந்தது ஒரு நெட்டித் துண்டு, இரை மண்புழு, விராலுக்கு மட்டும் சிறு தவளை. பாதிக்குப் பாதி ஜிலேபி என்பதைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்குரிய இம்மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். விராலும் குஞ்சு காப்பதில் சளைத்ததன்று. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே வரும். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தப் பந்தின்மேல் தூண்டில் வீசினால் தாய்மீன் பாய்ந்து கவ்வும் என்பது ஊருக்கே தெரியும். மாமா வீசமாட்டார். கேட்டதற்கு, “அடுத்த வருசம் நீ வந்து குஞ்சு பொரிப்பியா?” என்றார்.

கிடைத்த பனையேறியைப் பலகையில் விட்டோம். செவுள் மூடியை விரித்து, அதன் முட்களை ஊன்றி, வாலால் உந்தி நடந்தது. இந்த நடைக்கு உலகப் புகழ் கிடைத்தது நம் பகுதியில்தான். தரங்கம்பாடி 1620-ல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் காலத்தில் டேனியருக்குக் கிடைத்த ஊர். 1845 வரை அவர்களிடம் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் டேனியப் படைத்துறை அலுவலர், 1791-ல் நீர்நிலையோரப் பனைமரம் ஒன்றில் இம்மீனைக் கண்டதாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயஸ் கழக வெளியீட்டில் அது அச்சாயிற்று. பறவை கவ்விச் சென்று மரத்தில் நழுவவிட்டதாக இருக்கலாம் என்று பின்வந்தோர் ஐயுற்றனர்; எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஐப்பசி மழையில் இது வரப்பேறிக் கடப்பதை மாமா பலமுறை கண்டிருக்கிறார், பனையில் கண்டதில்லை. ஆனாலும் பனையேறி என்ற பெயரை டேனியர் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை அல்லவா?

தரங்கம்பாடிச் சமயத்தொண்டர் ஜான் அனுப்பிய மீன்களைப் பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் பிளாக் ஆராய்ந்து பெயரிட்டார். தரங்கம்பாடித் தேளிக்கு 1794-ல் அவர் இட்ட சிறப்புப் பெயர் ‘ஃபாசிலிஸ்’. தோண்டி எடுக்கப்பட்டது என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். வற்றிய குளத்துச் சேற்றைக் கிளறித் தேளி எடுக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது. தேளிக்குச் செவுளறையிலிருந்து முதுகுப் பக்கமாக நீண்ட காற்றுப்பைகள் உண்டு. கோடையைக் கடக்க அதுதான் அதற்கு முதல்.

இனி, இவற்றை ஏன் ஒழிக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். நம் குளங்களில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. 1957-ல் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன்பின்தான் மீன்குஞ்சு வேண்டிய அளவு கிடைக்கத் தொடங்கியது. கடன் வாங்கி விட்ட குஞ்சை விரால் தின்றால் குத்தகைக்காரர் என்ன செய்வார்? கட்லா வந்திராவிட்டால் என் முதலாண்டுப் புத்தகச் செலவுக்கு வழி இருந்திராது என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஒழிக்கும் மருந்து இலுப்பைப் புண்ணாக்கு. ஒரு கன மீட்டர் நீருக்கு 250 கிராம் என்பது கணக்கு. எங்கள் குளத்தில் சித்திரையில் அரை மீட்டர் நீர் நின்றால் ஏறக்குறைய 500 கிலோ, அதாவது பத்து மூட்டை. புண்ணாக்கிலுள்ள சபோனின் என்னும் பொருள் செவுள்வழி புகுந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. நீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் காற்றில் எடுத்துப் பிழைக்கக் கற்ற மீனுக்கு, எடுத்ததைச் சுமக்கும் இரத்தமே இல்லாமல் போகிறது. சில நாளில் நஞ்சு தணிந்து புண்ணாக்கு உரமாகிவிடும். குளம் மீண்டும் கெண்டைக்கு ஏற்றதாகும். முன்பெல்லாம் ஒழிந்தவை மழைக்காலத்தில் வயலிலிருந்து திரும்ப வந்து சேர்ந்தன. இன்று வயலிலும் பூச்சிமருந்து. வாய்க்கால் முகப்பிலும் குத்தகைக்காரரின் வலைத்தடுப்பு. திரும்பி வரும் வழி அடைபட்டிருக்கிறது.

இவ்வாண்டு புண்ணாக்கு போடுமுன் இழுவலை போட்டு, அகப்படும் விரால், தேளி, பனையேறி ஆகியவற்றைக் குளத்தின் வடமூலையிலுள்ள குட்டையில் விட்டு வைக்கலாம் என்று மாமாவிடம் சொன்னேன். அக்குட்டையில் புண்ணாக்கு போடக்கூடாது. குளத்தில் விரலளவுக் குஞ்சை விடாமல், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வளர்ந்த குஞ்சாக விட்டால், ஐப்பசியில் விரால் திரும்பி வந்தாலும் இழப்பு குறையும். அந்தக் குஞ்சுக்கு விலை கூடுதல். கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூட்டுக்காரரில் மாமாவும் இன்னொருவரும் சம்மதித்துவிட்டார்கள். மற்ற இருவரும், குட்டை மதகுக்கு அருகில் இருக்கிறது, முதல் மழைக்கே விரால் குளத்துக்குள் வந்துவிடும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். மதகுக்கு ஒரு கம்பிவலை என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.