கணிப்பொறிப் படங்களின் நிறம்: காட்சி மாற்ற முறைகள் – ஓர் ஒப்பீடு

திருவனந்தபுரத்தில் படத் தொழில்நுட்பத்திற்கென சி-டிட் நிறுவனத்தைக் கேரள அரசு 1988-இல் நிறுவியது. 1990-இல் டெக்னோபார்க் தொடங்கப் பெற்றது. அவ்வளாகத்தில் 1999-இல் டூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் உருவாயிற்று. இத்தகைய தொழிலில் ஓரிடத்தில் ஆக்கப்படும் படம் வேறோரிடத்தில், வேறொரு திரையில் பார்க்கப்படுகிறது. இரு திரைகளிலும் நிறம் ஒத்திருக்க வேண்டுமாயின், 'காட்சி மாற்றம்' பற்றிய தெளிவு இன்றியமையாதது.

கணிப்பொறி ஒளியின் அளவை எல்லையின்றிக் கணக்கிட வல்லது. திரைக்கோ உச்ச எல்லை ஒன்று உண்டு. முன்னதைப் பின்னதற்குள் அடக்கும் விதியே காட்சி மாற்றமாகும்.

ஆற்றுக்கால் பொங்கல் அடுப்பின் தீ கணிப்பொறியில் வரையப்படுவதாகக் கொள்ளலாம். அதன் செம்மஞ்சள் ஒளியில் சிவப்பு 4, பச்சை 1, நீலம் 0.2 என்க. திரையின் எல்லை 1.

முதல் முறை, எல்லையை மீறுவதை வெட்டிவிடுவது. விளைவு 1, 1, 0.2. சிவப்பும் பச்சையும் சமமாகித் தீ வெறும் மஞ்சளாகிறது.

இரண்டாவது, படம் முழுவதையும் நான்கால் வகுப்பது. தீ 1, 0.25, 0.05 ஆகி நிறம் மாறாதிருக்கும். ஆனால் அருகிலுள்ளோர் முகங்களும் நான்கில் ஒரு பங்காக இருண்டுவிடும்.

மூன்றாவது, ஒவ்வோர் எண்ணையும் அதனுடன் ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுப்பது. தீ 0.8, 0.5, 0.17 ஆகும். இருண்ட பகுதிகள் பெரிதும் காக்கப்படும். தீயின் நிறமோ வெளிறி, மஞ்சளை நோக்கிச் சாயும்.

இக்குறைகளைக் களைய முயன்றவையே பிற்கால முறைகள். அமெரிக்கத் திரைப்பட அகாடமி 2014-இல் 'ஏசஸ்' முறையின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதில் மிகு ஒளியுடைய நீலம் ஊதாவாகத் திரிவதுண்டு. பிளெண்டர் என்னும் இலவச மென்பொருள் 2017-இல் 'ஃபிலிமிக்' முறையையும், 2023-இல் 'ஏஜிஎக்ஸ்' முறையையும் ஏற்றது. பின்னதில் ஒளி மிகுந்தோறும் நிறம் படிப்படியாக வெண்மையை அடைகிறது.

எனவே, குறையற்ற முறை எதுவுமில்லை. ஒவ்வொன்றும் ஒன்றைக் காத்து மற்றொன்றை இழக்கிறது. ஒப்பிடுவோர் தீ, மனித முகம், நீல விளக்கு, சாம்பல் அட்டை ஆகியவற்றை ஒரே படத்தில் வைத்து, ஒரே திரையில் ஆராய்தல் வேண்டும். தேர்ந்த முறையின் பெயரையும் பதிப்பெண்ணையும் படக்கோப்புடன் எழுதி அனுப்புதலும் கடமையாகும். இக்குறிப்பு விடுபட்டால், இங்கே ஒப்புதல் பெற்ற செந்தீ அங்கே மஞ்சள் தீயாகக் காட்சியளிக்கும். உழைப்பு முழுவதும் மீண்டும் தொடங்க நேரிடும்.